நிற்கத் தெரிந்த வண்டி

கார் வாங்கப் போகிறவர் முதலில் என்ன கேட்கிறார்?

"எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்கிறார். அடுத்தபடியாக, "லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர் ஓடும்?" என்று கேட்கிறார். அப்புறம் கலரைப் பார்க்கிறார். ஆசனத்தைத் தட்டிப் பார்க்கிறார்.

"பிரேக் போட்டால் எவ்வளவு தூரத்தில் நிற்கும்?" என்று கேட்பவர்கள் மிக அபூர்வம்.

மாட்டு வண்டிக் காலத்தில் நம் முன்னோர்கள் இப்படி இருக்கவில்லை. காளை வாங்கும்போது பல்லைப் பார்த்தார்கள், சுழியைப் பார்த்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, மூக்கணாங்கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். கயிற்றை இழுத்தால் நிற்காத காளையை எந்தக் குடியானவரும் வண்டியில் பூட்ட மாட்டார். அது எவ்வளவு வேகமாக ஓடினாலும் சரிதான்!

காருக்கு மூக்கணாங்கயிறு எது? பிரேக்தான்.

அந்தப் பிரேக்கைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். அதிலும், பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பிரேக் 'காலிப்பர்' மாற்றுகிறார்களே, அந்த வேலையைப் பற்றிப் பேசப் போகிறோம்.

"எங்கள் வீட்டில் ஸ்போர்ட்ஸ் கார் இல்லையே!" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தைப் பாருங்கள். பளபளப்பான ஒரு வட்டத் தகடும், அதைக் கவ்விக் கொண்டு ஒரு உலோகத் துண்டும் இருக்கலாம். அந்தத் துண்டுதான் காலிப்பர். உங்கள் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகும் வேனிலும் அது இருக்கலாம். ஆகவே இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. நம் எல்லோருடைய உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மலை காட்டிக் கொடுக்கும்!

மதுரையிலிருந்து மேற்கே தேனி போகும் சாலையில் இருக்கிறது நாகமலை புதுக்கோட்டை. தொண்டைமான் ஆண்ட புதுக்கோட்டை வேறு, இது வேறு. பாம்பு படுத்துக் கிடப்பது போல நீண்டு கிடக்கிறது நாகமலை. அதன் பெயரால் இந்த ஊருக்கு அடையாளம். 1966-ல் தொடங்கப்பட்டு, இன்று மதுரை காமராசர் பல்கலைக் கழகம் என்று வழங்கும் கல்விக் கூடமும் இதன் அருகில்தான் இருக்கிறது.

இந்தச் சாலையில் மேற்கே போனால் செக்கானூரணி வரும், உசிலம்பட்டி வரும். அதன் பிறகு ஆண்டிபட்டிக் கணவாய். அப்புறம் தேனி, போடி. போடியைத் தாண்டினால் போடிமெட்டு. கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். மேலே போனால் மூணாறு.

மதுரையைச் சுற்றியுள்ள பூமி சமவெளி. சமவெளியில் கொஞ்சம் மட்டமான பிரேக்கும் வேலை செய்வது போலத் தோன்றும். எப்போதாவது ஒரு தடவை மிதிக்கிறோம், வண்டி நிற்கிறது. நமக்குத் திருப்தி.

மலையில் அப்படி இல்லை. இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதிக்க வேண்டும். பத்தாவது வளைவில் பெடல் மெத்தென்று போகும். பதினைந்தாவது வளைவில் மிதித்தும் பிடிக்காமல் போகும். சமவெளி மறைத்த குறையை மலை காட்டிக் கொடுத்து விடும்!

ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர், மலைக்குப் புறப்படும் முன் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு ஒர்க்ஷாப்பில் வண்டியை நிறுத்துகிறார் என்று வைத்துக் கொள்வோம். "முன் சக்கரத்துக் காலிப்பரை மாற்றி விடுங்கள்" என்கிறார். அவர் கேட்பது சின்ன வேலையா, பெரிய வேலையா?

பார்வைக்கு இரண்டு போல்ட்டு, ஒரு குழாய். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு போல்ட்டில் ஒரு குடும்பமே தொங்குகிறது!

சைக்கிள் சொல்லும் பாடம்

காலிப்பர் என்றால் என்ன? புரிந்து கொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் போதும்.

சைக்கிளில் பிரேக் பிடித்தால் என்ன நடக்கிறது? சக்கரத்தின் வளையத்தை இரண்டு ரப்பர் கட்டைகள் இரு பக்கமும் இருந்து அமுக்குகின்றன. பாக்குவெட்டி பாக்கைப் பிடிப்பது போலத்தான். வளையம் தேய்ந்து நிற்கிறது.

காரில் சக்கரத்தின் உட்புறம் ஓர் இரும்புத் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். இதற்கு 'டிஸ்க்' என்று பெயர். அந்தத் தட்டை இரு பக்கமும் கவ்வும் பாக்குவெட்டிதான் காலிப்பர். ரப்பர் கட்டைக்குப் பதிலாக இருப்பது 'பேடு'.

சைக்கிளில் கம்பி இழுக்கிறது. காரில் பிரேக் ஆயில் தள்ளுகிறது. ஊசி போடும் குழல் இரண்டை ஒரு ரப்பர் குழாயால் இணைத்து, உள்ளே தண்ணீர் நிரப்புங்கள். ஒன்றை அமுக்கினால் மற்றது வெளியே வரும். காலால் மிதிக்கும் இடத்தில் ஒரு குழல். அதுதான் 'மாஸ்டர் சிலிண்டர்'. சக்கரத்தில் மற்றொரு குழல். அது காலிப்பருக்குள் இருக்கிறது.

சக்கரத்தில் உள்ள குழல் பெரிதாக இருந்தால் அமுக்கும் பலம் அதிகம். ஆனால் அதை நிரப்ப ஆயிலும் அதிகம் வேண்டும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பழைய கார்களில் இருந்தது 'டிரம் பிரேக்'. சக்கரத்தோடு சுழலும் ஒரு மூடிய சட்டிக்குள் இரண்டு கட்டைகள் இருந்து, வெளிப்புறமாக விரிந்து சட்டியை உரசி நிறுத்தும். சட்டி சூடானால் என்ன ஆகும்? இரும்பு விரியும். கட்டையை விட்டு விலகிப் போகும். மூடிய சட்டி என்பதால் சூடு எளிதில் ஆறாது. லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். மலை இறக்கத்தில் பிரேக் கைவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டிஸ்க் திறந்த தட்டு. காற்று பட்டு ஆறும். சூட்டில் தடித்தாலும் பேடை நோக்கித்தான் தடிக்கும், விலகிப் போகாது. இதுதான் டிஸ்க்கின் பெருமை.

தாமிரத்தின் அலறல்

இந்த டிஸ்க் பிரேக் நேற்று வந்ததல்ல. 1902-ம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் பிரடெரிக் லான்செஸ்டர் என்ற என்ஜினீயர் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் தாமிரத்தைத் தேய்க்கும் பொருளாக வைத்தார். தாமிரமும் இரும்பும் உரசினால் கேட்கவா வேண்டும்? காது கிழியும் சத்தம்! அந்த யோசனை நெடுங்காலம் தூங்கிக் கிடந்தது.

அதை எழுப்பியது ஒரு பந்தயம். பிரான்சு நாட்டில் லெ மான் என்ற ஊரில் 24 மணி நேரக் கார் பந்தயம் நடக்கும். 1953-ல் அங்கே 'ஜாகுவார் சி டைப்' என்ற கார் டன்லப் கம்பெனியின் டிஸ்க் பிரேக்கோடு வந்தது. டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இருவரும் ஓட்டி வெற்றி பெற்றார்கள். சராசரி வேகம் மணிக்குச் சுமார் 170 கிலோ மீட்டர்.

ஜாகுவாரின் வெற்றிக்கு என்ஜின் பலம் மட்டுமா காரணம்? மற்றவர்கள் வளைவுக்கு வெகு முன்பே பிரேக் போட வேண்டியிருந்தது. ஜாகுவார்க்காரர்கள் வளைவுக்கு அருகில் வந்து பிரேக் போட்டார்கள். நிற்கத் தெரிந்த வண்டிதான் வேகமாகப் போக முடியும்! உலகம் கற்றுக் கொண்ட பாடம் இது.

அடுத்த சில ஆண்டுகளில் இந்தப் பிரேக் பொதுமக்கள் வாங்கும் கார்களுக்கும் வந்தது. 1955-ல் பிரான்சின் 'சிட்ரோன் டி.எஸ்.' காரில் வந்தது. 1956-ல் இங்கிலாந்தின் 'டிரையம்ப் டி.ஆர்.3' என்ற ஸ்போர்ட்ஸ் காரில் வந்தது. அதில் பொருத்தப்பட்ட பிரேக்கின் பெயர் 'கர்லிங்'.

அந்தப் பெயரை மறந்து விடாதீர்கள். அதற்கும் மதுரைக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது.

மதுரைக்கு வந்த சொந்தம்

நெல்லைச் சீமையில் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்தவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். 1911-ல் மதுரையில் மோட்டார்த் தொழிலைத் தொடங்கினார். டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்து அப்படித்தான் பிறந்தது. இவர் 1955-ல் காலமானார்.

மதுரையில் வேர் விட்ட அந்த மரத்தின் கிளைகள் சென்னைக்குப் பரவின. 1962-ல் சென்னை பாடியில் இரண்டு பிரேக் கம்பெனிகள் தோன்றின. ஒன்று 'சுந்தரம் கிளேட்டன்'. பஸ், லாரிகளுக்கான காற்று பிரேக் செய்வதற்காக ஆரம்பிக்கப்பட்டது. மற்றொன்று 'பிரேக்ஸ் இந்தியா'. இது இங்கிலாந்தின் லூக்காஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கியது. கர்லிங் கம்பெனி அந்த லூக்காஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்! நம் ஊர் மெக்கானிக்குகள் 'கர்லிங் ஆயில்' என்று கடையில் கேட்டு வாங்குவது இந்த உறவால் வந்த பழக்கம்.

இன்னொரு உறவும் உண்டு. சென்னைக்கு அருகே வண்டலூரில் 'ஸ்டாண்டர்டு' மோட்டார் கம்பெனி இருந்தது. 1961 முதல் 1971 வரை அங்கே 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' கார் தயாரானது. ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்கள் இந்தக் காரைப் பார்த்திருப்பார்கள். முன்பக்கம் முழுவதையும் அப்படியே தூக்கித் திறக்கலாம். என்ஜின், சக்கரம் எல்லாம் வெட்ட வெளிச்சமாகத் தெரியும். நான்கு கதவு வைத்த ஹெரால்டு 1968-ல் இந்தியாவில்தான் வந்தது. அது பிறந்த இங்கிலாந்தில்கூட அது கிடையாது!

இந்த ஹெரால்டுக்கு ஒரு தம்பி. 1962-ல் இங்கிலாந்தில் பிறந்த 'டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்' என்ற இரண்டு ஆசன ஸ்போர்ட்ஸ் கார். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியைச் சேர்ந்த மிக்கலோட்டி. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். அண்ணன் 1959-ல் டிரம் பிரேக்கோடு பிறந்தான். தம்பிக்கு முதல் நாளிலிருந்தே முன் சக்கரத்தில் கர்லிங் டிஸ்க் பிரேக்.

மூன்றாவதாக 1966-ல் ஒரு தம்பி வந்தான். பெயர் 'ஜி.டி.6'. ஆறு சிலிண்டர் என்ஜின். பலம் அதிகம் என்பதால் டிஸ்க்கும் பெரிது, காலிப்பரும் பெரிது.

அண்ணன் தம்பிகளின் சட்டை ஒருவருக்கொருவர் சேருமல்லவா? உலகம் முழுவதும் பழைய கார்ப் பிரியர்கள் அந்தக் காரியத்தைத்தான் செய்கிறார்கள். ஜி.டி.6 காரின் பெரிய டிஸ்க்கையும் காலிப்பரையும் கழற்றி ஸ்பிட்ஃபயரில் மாட்டுகிறார்கள். டிரம் பிரேக் ஹெரால்டுக்கு டிஸ்க் வைக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் தம்பி சட்டையை அண்ணன் போட்டால் பொத்தான் தெறிக்கலாம். அதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஐந்து கண்ணிகள்

முதல் கண்ணி: ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது.

"வலது பக்கம்தான் ஆயில் கசிகிறது. அதை மட்டும் மாற்றுங்கள். செலவு மிச்சம்" என்கிறார் சொந்தக்காரர். ஒரு பக்கம் புதுசு, இறுக்கமாகப் பிடிக்கும். மறு பக்கம் பழசு, வழுக்கும். வேகத்தில் பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். எதிரே லாரி வந்தால்? ஆகவே இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். பேடும் அப்படித்தான். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

இரண்டாவது கண்ணி: இடம் வலம் மாறிப் போவது.

இரண்டு காலிப்பரும் பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். மாற்றி மாட்டினாலும் சில வண்டிகளில் போல்ட்டு சேர்ந்து விடும். ஆனால் காற்றை வெளியேற்றும் சிறு திருகு ஒன்று காலிப்பரில் இருக்கிறது. அது மேலே இருக்க வேண்டும். காற்று மேலேதானே போகும்? இடம் வலம் மாறினால் திருகு கீழே போய் விடும். எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் உள்ளே காற்று நிற்கும். ஆயில் நசுங்காது, காற்று நசுங்கும். பெடல் பஞ்சு மெத்தை போல அமுங்கும்.

மூன்றாவது கண்ணி: மரை மோசம்.

பழைய கர்லிங் காலிப்பரில் குழாய் மாட்டும் மரை அங்குலக் கணக்கு. பிற்காலத்துக் காலிப்பரில் மில்லி மீட்டர் கணக்கு. ஒன்று எட்டில் மூன்று பங்கு அங்குலம். அதாவது சுமார் 9.5 மில்லி மீட்டர். மற்றது 10 மில்லி மீட்டர். அரை மில்லி மீட்டர்தான் வித்தியாசம்! சின்ன முனை பெரிய துளையில் நுழையும். திருகினால் இறுகியது போலவும் தோன்றும். ஆனால் மரை பாதிதான் பிடித்திருக்கும். அவசரமாக ஒரு நாள் ஓங்கி மிதிக்கும்போது, குழாய் பிடுங்கிக் கொள்ளலாம். பழைய சாமான் வாங்கி மாற்றும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த மரையைத்தான்.

நான்காவது கண்ணி: "பெரிதாக இருந்தால் நல்லது" என்ற ஆசை.

முன்பு சொன்ன ஊசிக் குழல் கணக்கை நினைத்துக் கொள்ளுங்கள். காலிப்பர் பெரிதானால் ஆயில் அதிகம் வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் பழைய சிறிய அளவிலேயே இருந்தால், பெடல் ஆழமாகப் போகும். சில சமயம் பலகையைத் தொடும். மற்றொன்று, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள பங்கீடு. பிரேக் போட்டால் வண்டியின் பாரம் முன்னால் சாயும். அதனால் முன் பிரேக் பலமாக இருப்பது சரி. பின் பிரேக்கைப் பெரிதாக்கினால், பின் சக்கரம் முந்திக் கொண்டு பூட்டிக் கொள்ளும். வண்டி பம்பரமாகச் சுற்றும்.

ஐந்தாவது கண்ணி: ஒற்றைக் குழாய்.

பல பழைய கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் சுற்று. எங்கே ஒரு சொட்டை விழுந்தாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய் விடும். பின்னால் வந்த கார்களில் இரட்டைச் சுற்று வைத்தார்கள். ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். காலிப்பர் மாற்றச் செலவழிக்கும் கையோடு, பொருத்தமான இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரையும் போடுவது புத்திசாலித்தனம்.

இந்த ஐந்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே உண்மை விளங்கும். பிரேக் என்பது ஒரு சாமான் அல்ல; ஒரு சங்கிலி. ஒரு கண்ணியை மட்டும் புதுப்பித்து விட்டு, "சங்கிலி புதுசு" என்று சொல்லக் கூடாது. பாதி மாற்றம் முழு ஆபத்து!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"கொஞ்சம் பிரேக் குறைந்தால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு.

நல்ல சாலை, நல்ல டயர், நல்ல பிரேக். மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார், பிரேக் பிடித்த பின் ஏறத்தாழ 9 மீட்டரில் நிற்கும். 80 கிலோ மீட்டர் வேகத்தில் போனால்? 18 மீட்டர் என்பீர்கள். இல்லை! 36 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால், நிற்கும் தூரம் நான்கு மடங்கு.

இது பிரேக் பிடித்த பின் உள்ள தூரம். ஆபத்தைக் கண்ணால் கண்டு காலால் மிதிக்க ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த ஒரு விநாடியில் 80 கிலோ மீட்டர் வேகக் கார் 22 மீட்டர் ஓடி விடும். ஆக மொத்தம் 58 மீட்டர்.

பிரேக் பாதிதான் பிடிக்கிறது என்றால் அந்த 36 மீட்டர் 72 மீட்டராகும். சாலையைக் கடக்கும் ஒரு மாணவனுக்கும் மாணவிக்கும் அந்த வித்தியாசம்தான் உயிர்.

பழமையா, உயிரா?

இங்கே ஒரு வாதம் எழும். "பழைய காரின் அழகே அது பிறந்தபடி இருப்பதுதான். பிரேக்கை மாற்றினால் பழமை கெட்டு விடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு.

இதை லேசாகத் தள்ளி விட முடியாது. பழைய காரும் ஒரு சரித்திரச் சின்னம். 2021-ல் மத்திய அரசு இதற்கென்று தனி விதி கொண்டு வந்தது. 50 ஆண்டுக்கு மேற்பட்ட கார், மோட்டார் சைக்கிள்களைப் புராதன வாகனமாகப் பதிவு செய்யலாம். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் இருக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். அடிச்சட்டம், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது விதி. அன்றாட உபயோகத்துக்கு ஓட்டவும் கூடாது.

அதுபோல, 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் உள்ள, தயாரித்தவர் சொன்ன விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று அது சொல்லுகிறது.

ஆகவே, பெரிய மாற்றம் செய்ய நினைப்பவர்கள் முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக் கொள்வதே முறை. கழற்றிய பழைய சாமான்களை எண்ணெய் தடவிப் பத்திரமாக வைத்திருப்பதும் முறை. நாளை ஒரு நாள் வண்டியைப் பிறந்த கோலத்துக்கே கொண்டு வரலாம் அல்லவா?

ஆனால் நம் கட்சி என்ன? தெளிவாகச் சொல்லி விடுகிறோம்.

அருங்காட்சியகத்தில் நிற்கும் காருக்குப் பழைய பிரேக் போதும். சாலையில் ஓடும் காருக்கு நிற்கும் பிரேக் வேண்டும். சாலை நமக்கு மட்டும் சொந்தமல்ல. அதே சாலையில் பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள். பூக்கூடையோடு மதுரைக்குப் போகும் தாய்மார்கள் நிற்கிறார்கள். நம் பழமைப் பற்றுக்கு அவர்கள் விலை கொடுக்கக் கூடாது. அசல் காலிப்பரையே புது ரப்பர், புதுப் பிஸ்டன் போட்டுச் சரி செய்ய முடிந்தால் மிக நல்லது. பழமையும் பிழைத்தது, உயிரும் பிழைத்தது. முடியாவிட்டால் மாற்றுங்கள். முழுதாக மாற்றுங்கள்.

மெக்கானிக்கின் மூச்சு

இன்னொருவரையும் நாம் மறக்கக் கூடாது. காரின் அடியில் படுத்து வேலை செய்கிறாரே, அவரை!

பழைய காலத்து பிரேக் லைனிங்குகளிலும் பேடுகளிலும் கல்நார் கலந்திருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. பல ஆண்டுகள் கழித்துக் கொடிய நோயாக முளைக்கும். டிரம்மைக் கழற்றியதும் வாயால் ஊதுவதும், காற்றுக் குழாயால் தூசியைப் பறக்க விடுவதும் பல இடங்களில் பழக்கம். இது தற்கொலைக்குச் சமம். தூசியை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். முகமூடி போட வேண்டும். பக்கத்தில் சிறுவர்களை நிற்க விடக் கூடாது.

அடுத்தபடி, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. கீழே தாங்கு கால் கொடுக்க வேண்டும். கழற்றிய காலிப்பரை ரப்பர் குழாயில் தொங்க விடக் கூடாது. கம்பியால் கட்டி வைக்க வேண்டும். போல்ட்டைக் கை மதிப்பாக முறுக்குவதை விட்டு, அளவு காட்டும் ஸ்பானரால் முறுக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. வேலை முடிந்ததும், வண்டி நகரும் முன், பெடலைப் பல தடவை மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். புதுப் பேடு தட்டைத் தொடும் வரை முதல் மிதி வெறும் மிதிதான். இதை மறந்து வண்டியை எடுத்தால் எதிர்ச் சுவரில்தான் நிற்கும்.

நம் மெக்கானிக்குகளுக்குக் கையில் வித்தை இருக்கிறது. குறைவது கருவியும் பயிற்சியும்தான். தொழிற்பயிற்சி நிலையங்கள் மாலை நேரத்தில் இவர்களுக்கு ஒரு மாதப் பிரேக் வகுப்பு நடத்தினால் எத்தனை உயிர் பிழைக்கும்! சொந்தக்காரர்களும் ஒன்று செய்யலாம். பெயின்ட் அடிக்கும் செலவில் பேரம் பேசுங்கள். பிரேக் கூலியில் பேரம் பேசாதீர்கள். "இது சரிப்படாது, முழுதாக மாற்ற வேண்டும்" என்று மெக்கானிக் சொன்னால் கோபித்துக் கொள்ளாதீர்கள். அப்படிச் சொல்லுகிறவர்தான் உங்கள் நண்பர்.

நம் வீட்டில் செய்ய வேண்டியது

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் தம் வீட்டு வண்டியைக் காப்பாற்றலாம்.

பிரேக் ஆயில் டப்பாவில் 'டாட் 3' அல்லது 'டாட் 4' என்று போட்டிருக்கும். உங்கள் வண்டியின் மூடியில் எது எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றச் சொல்லுங்கள். 'டாட் 5' என்பது வேறு ஜாதி ஆயில், கலக்கக் கூடாது. என்ஜின் ஆயிலை ஒரு சொட்டுக்கூட ஊற்றக் கூடாது. உள்ளே உள்ள ரப்பர் ஊதிக் கெட்டு விடும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய 'டாட் 3' ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் பிரேக் இல்லை. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை மாற்றுங்கள். திறந்து வைத்த பழைய டப்பா வேண்டாம்.

மாதம் ஒரு தடவை மோட்டார் சைக்கிளின் பேடு தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வீட்டில் தாய்மார்களும் பிள்ளைகளும்கூடப் பார்க்கலாம். பெடலோ கைப்பிடியோ மெத்தென்று அமுங்கினால் அன்றே ஒர்க்ஷாப்புக்குப் போங்கள். மலையிலிருந்து இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். என்ஜினும் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கும், பிரேக் அதிகம் சூடாகாது.

வேலை செய்த ஒர்க்ஷாப்பில், எந்தத் தேதியில் எதை மாற்றினார்கள் என்று ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள். வண்டியிலேயே வையுங்கள். அந்தச் சீட்டு அடுத்த மெக்கானிக்குக் கண் போன்றது.

2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது மோட்டார் சைக்கிள்களுக்கும் சக்கரம் பூட்டிக் கொள்ளாமல் தடுக்கும் பிரேக் கட்டாயமாகி விட்டது. சிறிய வண்டிகளுக்கு முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கும் பிரேக் வேண்டும் என்று விதி வந்தது. சட்டம் தன் கடமையில் ஒரு பங்கைச் செய்திருக்கிறது. மிச்சப் பங்கு நம்முடையது.

அடுத்த தடவை யாராவது புது வண்டியோ பழைய வண்டியோ வாங்கி வந்து உங்களிடம் காட்டினால், வேகத்தைக் கேட்காதீர்கள். விலையையும் கேட்காதீர்கள். "நிற்குமா?" என்று கேளுங்கள்.

அந்த ஒரு கேள்வியை எல்லோரும் கேட்க ஆரம்பித்து விட்டால், நம் சாலைகளில் பாதி அழுகுரல் ஓய்ந்து விடும்.